உண்மைக்கு இருபத்தைந்து மார்க்

சத்தியம், சத்தியம், நூறு தடவை சத்தியம்! திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், கண்டக்டர் முறைக்கிறதானால் முறைக்கட்டும், நான் சத்தமாகத்தான் சொல்வேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்காமல் போகட்டும். ஐயையோ, கம்பியைப் பிடிக்காதீர்கள் தம்பி. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அதிலிருந்தே தெரியவில்லையா நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று?

நீங்கள் ஆடு மாடுகளுக்கு மருந்து விற்கிறவர் என்று சொன்னதும்தான் எனக்கு வாய் திறந்தது. ஆடு விஷயத்தில் நானும் பெரிய கை. என் ஆயுசில் பதினோராயிரம் ஆடுகளை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். தாளில்தான். சிரிக்காதீர்கள். என் ஆடு ஒன்றுக்காவது ஒருநாள் கழிச்சல் கண்டதுண்டா? கிடையாது. ஈன்றால் இரட்டைக் குட்டிதான். மூன்றாம் வருஷம் அந்த வீட்டுப் பெண் காலேஜுக்குப் போய்விடுவாள். உங்கள் பிழைப்புக்கு என் ஆடுகளால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

ஒரு விஷயம். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் யாராவது பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளா, கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையா? நிச்சயமாக? சரி.

முதுகுளத்தூரில் நான் டைப் அடிக்கும் கடை வைத்திருந்தேன். பட்டா மனு, பாகப்பிரிவினை, காதல் கடிதம் எல்லாம் அடிப்பேன். அப்புறம் தொண்டு நிறுவனக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வறுமையை ஒழிக்கப் போகிறோம், பணம் கொடுக்கிற இடத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், எங்களுக்குக் கோவையாக எழுத வராது என்பார்கள். எனக்கு வரும். தண்ணீரே இல்லாத ஊரணியில் நான் மீன் வளர்த்திருக்கிறேன் தம்பி. அந்த மீன் கொழும்பு வரைக்கும் போய் விலையானது. நம்ப மாட்டீர்கள். அறிக்கை இருக்கிறது.

அந்த விண்ணப்பங்களில் ஒரு பக்கம் உண்டு. 'பயனாளி ஒருவரின் வாழ்க்கை, புகைப்படத்துடன்' என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். எங்கள் தொழிலில் அதற்குக் கண்ணீர்ப் பக்கம் என்று பெயர். கணக்கு, திட்டம், வரைபடம் எதையும் ஒருவனும் படிக்க மாட்டான். கண்ணீர்ப் பக்கத்தைப் படிப்பான். அது நனைத்தால் பணம் வரும், நனைக்காவிட்டால் வராது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பக்கத்துக்காக நான் ஒருத்தியை உண்டாக்கினேன். முத்திருளாயி என்று பெயர் வைத்தேன். வயசு முப்பது. சீமைக்கருவேல் விறகை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுக்கிறவள். மூட்டம் தெரியுமல்லவா? விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நாள்கணக்கில் கனிய விடுவார்கள். அவளுடைய புருஷன் ஓட்டை அடைக்க மூட்டத்தின்மேல் ஏறினான், மண் உள்வாங்கியது, இடுப்புவரை தணலில் இறங்கிவிட்டான். அவன் போனபின் இரண்டு ஆண்பிள்ளைகளோடு கிடந்து அல்லாடுகிறாள் முத்திருளாயி. எப்படி? உங்கள் கண்ணே நனைகிறதல்லவா? முழுக்க முழுக்க என் கற்பனை.

முகம் மட்டும் கடன் வாங்கினேன். கரிமூட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க நெடுமுள்ளேந்தல் என்கிற ஊருக்கு சைக்கிளில் போயிருந்தேன். அங்கே மூட்டத்துப் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். உடம்பெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. இரவல் காமிராவில் ஒரு படம் எடுத்தேன். பெயர் கேட்டேன், பேச்சுக்குத்தான். முத்திருளாயி என்றாள். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த பெயருக்கு அவள் பெயரும் ஒத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். "எதுக்கு சாமி படம்?" என்றாள். "எழுதப் போறேன் தாயி. எழுதுனா எல்லாம் வரும்" என்றேன். மூட்டத்து மேலே ஒரு ஆள் நின்றுகொண்டு, "ஏய், என்னையும் சேத்து எடுக்கச் சொல்லுடி" என்று கத்தினான். புருஷனாக இருக்கும். பிலிம் வீணாகும் என்று எடுக்கவில்லை.

இதை வைத்து அவள் நிஜ ஆள் என்று நீங்கள் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். குளத்து மண்ணை அள்ளிப் பொம்மை செய்தால் பொம்மை யாருடையது? குளத்துடையதா?

அந்த விண்ணப்பம் ஜெயித்தது. ஜெயித்தால் விடுவார்களா? ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆளாளுக்குப் பிரதி எடுத்துப் போனார்கள். அதற்குப்பின் முத்திருளாயி போகாத ஊர் இல்லை. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டினாள், தூத்துக்குடியில் உப்பு அள்ளினாள். தர்மபுரியில் அவளுக்குக் கறவை மாடு கொடுத்தார்கள். எல்லா ஊரிலும் அதே படம், புருஷனும் எல்லா ஊரிலும் செத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆண்பிள்ளைகள்.

எனக்கு வயசானது. மதுரையில் ஒரு மில் முதலாளி குடும்பம் அறக்கட்டளை நடத்துகிறது. பெயர் வேண்டாம். அங்கே மேலாளர் திலகவதி என்று ஒரு அம்மாள். அவள் ஒருநாள் என்னைத் தேடி வந்து, "கோட்டைச்சாமி சார், நூத்தம்பது விண்ணப்பம் வருது. எல்லாரும் அழுகிறாங்க. எது நிஜ அழுகைன்னு எங்களுக்குத் தெரியலை" என்றாள்.

"எனக்கு மட்டும் தெரியுமாம்மா?"

"பொய் எழுதத் தெரிஞ்சவருக்குத்தானே சார் பொய்யைப் படிக்கத் தெரியும்?"

அதை அவள் குத்தலாகச் சொன்னாளா பாராட்டாகச் சொன்னாளா என்று இன்றுவரை யோசிக்கிறேன். போய் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே நூறு மார்க்கை நாலு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தேவைக்கு இருபத்தைந்து, திட்டத்துக்கு இருபத்தைந்து, ஆள்பலத்துக்கு இருபத்தைந்து. இந்த மூன்றும் அருளானந்து என்கிற ரிட்டயர்டு தாசில்தாருடைய வேலை. கடைசிக் கட்டம் உண்மை. அதற்கும் இருபத்தைந்து. அது என்னுடையது. என் கட்டத்தில் முட்டை விழுந்தால் விண்ணப்பம் வெளியே. காலியாக விட்டாலும் வெளியே. தாசில்தார் எழுபத்தைந்தை அள்ளிக் கொடுத்திருந்தாலும் சரிதான், வெளியே. அதனால் தாசில்தாருக்கு என்மேல் ஒரு இது. "ஓய் உண்மை, இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீர்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். அந்த ஆளுக்கு நாக்கில் சனி.

முதல் வருஷக் கட்டைப் பிரித்தேன். மூன்றாவது விண்ணப்பத்தில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தேன். யாரோ பழைய பிரதியை எடுத்து அனுப்பியிருக்கிறான். பதினேழாவதிலும் அவள். நாற்பதாவதில் வேறு பெயர், வேறு ஊர், அதே கண். நியாயப்படி என்ன செய்திருக்க வேண்டும்? முட்டை. ஆனால் தம்பி, நீங்கள் பெற்ற பெண்ணை எங்கோ ஒரு பஸ் நிலையத்தில் பார்த்தால் விரட்டுவீர்களா? இருபது போட்டேன். வரி பிசகாமல் எழுதியிருந்தவனுக்கு இருபத்திரண்டு. மூலத்தை மதிக்கத் தெரிந்தவன்.

பரமக்குடி வந்துவிட்டது. டீ குடிக்கிறீர்களா? வேண்டாமா? நானும் இறங்கவில்லை. அந்த மூன்றாவது சீட்டில் இப்போது யார் ஏறி உட்கார்ந்தது? கிழவரா? நல்லது. நல்லது.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் ஒரு விண்ணப்பம் வந்தது. டைப் அடித்ததல்ல, கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவால் எழுதியது. ஊர் நெடுமுள்ளேந்தல். கரிமூட்டப் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் கேட்டது ஆடு இல்லை, மாடு இல்லை. ஒரு கொட்டகை. மழைக்காலத்தில் கரியை நனையாமல் போட்டு வைக்க ஒரு தகரக் கொட்டகை. கொட்டகை இல்லாததால் ஐப்பசி பிறக்குமுன் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறதாம், மழை முடிகிறவரை அவனிடமே கடன் வாங்கித் தின்ன வேண்டியிருக்கிறதாம், தை பிறந்ததும் அந்தக் கடனுக்கே மறுபடி மூட்டம் போட வேண்டியிருக்கிறதாம். கொட்டகை இருந்தால் தையில் நல்ல விலைக்கு விற்போம், யாரிடமும் கையேந்த மாட்டோம் என்று எழுதியிருந்தது. கண்ணீர்ப் பக்கமே கிடையாது. தலைவி என்று கீழே ஒரு பெருவிரல் ரேகை. மைக்குப் பதில் கரியைத் தொட்டு வைத்திருந்தது. பக்கத்தில் பெயர், முத்திருளாயி.

தாசில்தார் எழுபத்தைந்துக்கு எழுபது போட்டிருந்தார். அவர் கையால் எழுபதா! அறுபதைத் தாண்டி அவர் போட்டு நான் பார்த்ததில்லை.

திலகவதி, "நேர்ல ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துருங்க சார்" என்றாள். போனேன்.

நடுப்பகல் வெயிலில் நெடுமுள்ளேந்தலில் இறங்கினேன். ஊரெல்லாம் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். தலை நரைத்திருந்தது. கண் அதே கண். என் கால் இரண்டும் தரையில் இல்லை தம்பி, ஒரு முழம் மேலே நின்றேன். சத்தியம்.

"வாங்கய்யா. எம்புட்டு வருசமாச்சு! மெலிஞ்சு போனீகளே" என்றாள். "அடையாளம் தெரியுதா? படம் எடுத்தீகளே?"

"தெரியலையே தாயி" என்றேன்.

"கரி அப்பியிருக்குல்ல, அதான். நீங்க எழுதுனத நாங்க பாத்தம்யா. மறு வருசமே டவுனுக்குப் போன எம் மக, தொண்டு நிறுவனத்துக்காரக அடிச்ச காலண்டரு ஒண்ணு கொண்டாந்தா. அதுல எம் படம். கீழ எழுதியிருந்தத எழுத்துக்கூட்டிப் படிச்சா. புருசன் மூட்டத்துல எறங்கிச் செத்துட்டான்னு போட்டிருந்துச்சு. அவரு பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டிருக்காரு! கேட்டுட்டு ஒரே சிரிப்பு. 'ஏய் முத்து, நாஞ் செத்துட்டேன்டி, தாலியக் கழத்து'ங்காரு. அவரே ஆணியடிச்சு அந்தக் காலண்டர மாட்டுனாரு."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஐப்பசியில எறங்கிட்டாருய்யா. நீங்க எழுதுனபடிக்கே. இடுப்பு வரைக்கும்."

அவள் கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். திட்டுகிறவர்களைச் சமாளிக்க எனக்கு ஆயிரம் வழி தெரியும். அவள் கடுங்காப்பி போட்டு வந்து கொடுத்தாள். டம்ளரில் அவள் விரல் கருப்பாகப் பதிந்திருந்தது.

"அப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுச்சு, அய்யா எழுதுனா நடக்கும்னு" என்றாள். "உங்கமேல எனக்கு வருத்தம் இல்லய்யா. அது அவரு விதி. ரெண்டு ஆம்பளப் பிள்ளைன்னு எழுதியிருந்தீக, அதான் நடக்கல, எனக்கு ஒத்தப் பொண்ணுதான். போகட்டும். இப்ப நல்லதா ஒண்ணு எழுதிருங்க. கொட்டக கெடச்சுச்சுன்னு எழுதுங்க. வேற எதுவும் வேணாம். எழுதுங்கய்யா."

சுற்றி நாற்பது பெண்கள் நின்றார்கள். எல்லாரும் என் சட்டைப்பைப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டம்ளரை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அடுத்த பஸ் மூன்று மணி நேரம் கழித்து. அந்த வெயிலில் ஏழு மைல் நடந்தேன். ஏழு மைலும் பின்னால் கரி நொறுங்குகிற காலடிச் சத்தம். திரும்பினால் ஆள் இல்லை, புகைதான்.

இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் உண்டாக்கிய ஒருத்தி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தால் அது மனுஷியா? பிசாசுதானே? வேறு என்னவாக இருக்க முடியும்? அதோடு என் கதையையே மாற்றிச் சொல்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள் எங்கே? ஒற்றைப் பெண்பிள்ளை எங்கிருந்து வந்தாள்? மற்ற ஊர்க்காரர்கள் எழுத்துப் பிசகாமல் எழுதுகிறார்கள். இந்த ஒரு ஊர்தான் மூலத்துக்கு மாறாக எழுதியிருக்கிறது. உண்மைக் கட்டத்துக்கு நான் பொறுப்பு. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

முட்டை போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், 'நேரில் விசாரித்ததில் இவ்விண்ணப்பத்தில் கண்ட முத்திருளாயி என்ற பெண்மணி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாசில்தார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், ஆள் இல்லையா? நல்லாத் தெரியுமா?" என்றார்.

"நான் எழுதின ஆள், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

கார்த்திகையில் அடைமழை. அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆடெல்லாம் செத்திருக்குமே. ஒருநாள் மத்தியானம் திலகவதி என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "சார், ஒரு அம்மா இல்லைன்னு எழுதினீங்களே. அந்த அம்மா இப்ப இல்லையாம்."

இந்தத் தடவை வியாபாரியிடம் தள்ளுவதில்லை என்று பிடிவாதமாக இருந்திருக்கிறாள். கொட்டகைதான் இல்லையே, தன் கரியை மூட்டை கட்டிக் குடிசைக்குள்ளேயே அடுக்கியிருக்கிறாள். மழை அடிக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். கரி மேலே ஆறியிருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் தம்பி. புகைகூட வராது, விஷக்காற்று மட்டும் வரும். காலையில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. தூங்குகிற மாதிரியே கிடந்தாளாம், ஒரு காயம் இல்லை.

"மத்தவங்க கரியெல்லாம் நனைஞ்சு போச்சாம் சார். வியாபாரி காசுக்கும் மதிக்கலையாம்" என்றாள் திலகவதி.

"இல்லாத ஆள் எப்படியம்மா சாக முடியும்?" என்று கேட்டேன். ஒரு தர்க்கத்துக்குத்தான் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என் மேசைக்கு டீ வருவதில்லை.

ஆனால் அவள் வருகிறாள். திலகவதி இல்லை, அவள். பிசாசென்றால் இருட்டில், புளியமரத்தில் வரும் என்று சொல்லிவைத்தவன் முட்டாள். இவள் ஆபீஸ் நேரத்தில் வருகிறாள். பத்தரை மணிக்கு, மின்விசிறிக்குக் கீழே, எதிர் நாற்காலியில். நான் ஒரு விண்ணப்பத்தைப் பிரித்தால் பக்கத்தின் ஓரத்தில் கருப்பாகப் பெருவிரல். ரப்பர் போட்டு அழித்தால் அடுத்த பக்கத்தில். தாசில்தாரிடம் காட்டினேன். "உம்ம விரல்தான் ஓய், பேனா லீக் ஆகுது" என்கிறார். பேனாவை மாற்றினேன். நாலு பேனா மாற்றினேன். பேச்சு ஒன்றும் பேச மாட்டாள். ஒரே ஒரு சொல். எழுதுங்க. எழுதுங்க. அதைக் கேட்டுக்கேட்டு எனக்கு எழுதவே வராமல் போய்விட்டது. பால் கணக்கைக்கூட என் மருமகள்தான் எழுதுகிறாள். ஒரு தடவை சும்மா சுவரில், 'மழை வரும்' என்று எழுதிப் பார்த்தேன். வந்தது. ஆவணியில் வராதா என்பீர்கள். வரும். ஆனாலும்.

இது திருப்புவனம். இன்னும் அரைமணி நேரம்தான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குள் நுழைகிறேன், வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நரைத்தவள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தினவள்! கருத்த முடி, முப்பது வயசு, அதே வெள்ளைக் கண். நான் படம் எடுத்தபோது எப்படி நின்றாளோ அப்படியே. பிசாசுக்கு வயசு குறையும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கண்ணால் கண்டேன். நேரே கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தேன். திலகவதி கதவைத் தட்டி, "வெளிய வாங்க சார். அது அந்த அம்மாவோட மகள். பஞ்சவர்ணம்னு பேரு. சங்கத்துக்கு இப்ப அவங்கதான் தலைவி. மறுபடி விண்ணப்பம் கொடுக்க வந்திருக்காங்க" என்கிறாள்.

மகளாம்! நான் இரண்டு ஆண்பிள்ளைகள் என்றுதானே எழுதினேன்? என் கையால் எழுதியது எனக்குத் தெரியாதா?

எத்தனை நேரம்தான் கழிவறையில் இருப்பது? வெளியே வந்தேன். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"நீங்கதானாய்யா அந்தப் படம் எடுத்தவுக? அம்மா உங்களப் பத்தியேதான் பேசும். கடைசி வரைக்கும் பேசுச்சு."

"என்ன பேசினாள்?"

"அய்யா எழுதியிருப்பாக, எழுதியிருப்பாகன்னுதான். போன தடவ யாரோ ஒரு படுபாவி முட்டை போட்டுட்டானாம்ல. அன்னைக்கு அந்த அய்யா ஆபீசுல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாகன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

உள்ளே தாசில்தாருடைய பேனா சத்தம் நின்றுவிட்டது. திலகவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருத்தராவது வாயைத் திறந்து, "இந்த ஆள்தானம்மா அது" என்று சொல்லியிருந்தால் என்னைப் பிடித்தது விட்டுப் போயிருக்கும். சொல்லவில்லை. படுபாவிகள்.

"இந்தத் தடவ நீங்க இருக்கீகள்ல?" என்றாள் அந்தப் பெண். "ஐப்பசிக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான்யா. போன வருசம் நாலு வீட்டுல கரிய உள்ளதான் அடுக்குனாக. சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல. இந்த வருசமும் அதான் செய்வாக. வேற எடம் இல்ல. அதான் ஓடியாந்தேன்."

இதோ, அந்த விண்ணப்பம். பைக்குள் நாலு நாளாக இருக்கிறது. முகர்ந்து பாருங்கள். புகை வாசம் அடிக்கவில்லையா? உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறது. இது தாசில்தார் போட்டது, எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து. மனுஷன் பேனாவை அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்திருக்கிறது. இந்தக் காலிக் கட்டம் என்னுடையது. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் நான் கொடுத்தாக வேண்டும். காலியாகக் கொடுத்தால் வெளியே, சொன்னேனே.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன் தம்பி. நாலு நாளும் பார்த்தேன். பேனாவைக் கொண்டுபோவேன், கட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிடும். முட்டை போடலாமென்றால், 'இல்லை' என்று நான் எழுதினதற்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இவளும் அந்தக் கண்ணோடு இருக்கிறாள். சரி, இருபத்தைந்து போடலாமென்றால், போட்டால் அவள் நிஜம் என்று ஆகிவிடும். அவள் நிஜமென்றால் ஆத்தாளும் நிஜம். அந்த மூட்டத்துமேல் நின்று படம் எடுக்கச் சொன்னவனும் நிஜம். அப்புறம் நான் எங்கே போய் நிற்பது? எழுபத்தாறு வயசில்?

ஆகையினால் ஒரு யோசனை. பிசாசு கேட்பது என் எழுத்தைத்தான். வேறு ஒருத்தர் எழுதினால் அது செல்லுமா செல்லாதா என்று அதற்குச் சட்டம் தெரியாது. அறக்கட்டளைக்கும் தெரியாது, எண்ணைத்தான் பார்ப்பார்கள். உங்கள் சட்டைப்பையில் பேனா இருக்கிறது. உங்களுக்கு முத்திருளாயியையும் தெரியாது, பஞ்சவர்ணத்தையும் தெரியாது. ஆட்டு மருந்துக்கு பில் எழுதுகிற கை, அதனால் ஒருவருக்கும் கெடுதல் வராது. இந்தக் கட்டத்துக்குள் ஒரு எண், அவ்வளவுதான். என்ன எண் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் எழுதினதாக ஆகும். இருபத்தைந்துக்கு மேல் அந்தக் கட்டத்தில் போட முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதோ மாட்டுத்தாவணி. வண்டி திரும்புகிறது, சீக்கிரம். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன், கண்ணை இறுக மூடியிருக்கிறேன், பாருங்கள். பேனா ஓடுகிறதா? உதறிவிட்டு எழுதுங்கள் தம்பி. எழுதுங்கள்.

எழுதியாச்சா? மடித்துக் கொடுங்கள், நான் பார்க்கக் கூடாது.

ஒரே ஒரு உபகாரம். இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்டக்டர் கேட்டாலும், அந்த தாசில்தாரே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள். கரி படிந்த விரலோடு ஒருத்தி எதிரே வந்து நின்று, "யாரு சொல்லி எழுதுனீக?" என்று கேட்டால், பக்கத்து சீட்டில் ஆளே இல்லை, காலியாகத்தான் வந்தது என்று சொல்லிவிடுங்கள்.